நாற்பத்தெட்டில் இருப்பது யார்

கால்சோய் தீவுக்குக் கிழக்கே
எங்கள் தீவனப் படகு நங்கூரமிட்டு நிற்கிறது.
சுற்றிலும் எட்டு வளையம், வலை, உள்ளே சால்மன்.
படகின் அறையில், மேசைக்கு மேல்,
சோப்புப் பெட்டியளவு ஒரு லினக்ஸ் பலகை.
மீனின் மூச்சை அதுதான் எண்ணுகிறது
என்று பதினொரு நாள் நம்பியிருந்தோம்.

விழிக்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது.
எத்தனை கம்பி, எந்தக் கம்பியில் எவர்,
யாரைத் தட்டினால் யார் எழுவார்,
எதுவும்.
யூஎஸ்பி என்றால் சொருகியதுமே
ஊர் பேர் எல்லாம் ஒப்பித்துவிடும்.
இந்த இரண்டு மெல்லிய கம்பியில் தொங்குபவர்கள்
அப்படியில்லை. கூப்பிட்டால் "ஏன்" என்பார்கள்,
அவ்வளவே.
கூப்பிட எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு மரம் எழுதினேன்.
வேர் மேலே: ஒற்றைச் சாய்கோடு.
அதன் கீழே கிளை, கிளைக்குள் கிளை,
வரிக்கு வரி அரைப்புள்ளி,
ஒன்று விட்டாலும் மரம் முளைக்காது.
இன்னார், இன்ன வகை, இன்ன முகவரி,
இருக்கிறார்,
அல்லது இருந்தும் எழுப்ப வேண்டாம்.
பூட்லோடர் அதைக் கையில் கொடுக்கும்.
கெர்னல் படிக்கும்.
படித்தபின் ஒரு கேள்வி கேட்காது.
இல்லாத ஊருக்கு வழி எழுதியிருந்தாலும்
கிளம்பிவிடும்.

ஆக்சிஜன் குழாயின் மெல்லிய மின்னழுத்தத்தை
எண்ணாக்கும் சில்லுக்கு
நான் எழுதிய முகவரி நாற்பத்தெட்டு,
பதினாறின் கணக்கில்.

பைனிர்தான் முதலில் சொன்னான்:
"மீன் தின்னவில்லை, ரன்வா."
திரையைக் காட்டினேன். ஒன்பதரை.
"நல்ல மூச்சு" என்றேன்.
"என்னிடம் ஏன் சொல்கிறாய், மீனிடம் சொல்."
வரைகோடு பகலில் ஏறியது, இரவில் இறங்கியது.
வெயிலில் பாசி மூச்சு விடும், அதனால்தான் என்று
விளக்கம்கூட வைத்திருந்தேன்.
அழகான விளக்கம்.

பன்னிரண்டாம் நாள்
அவன் காபிக் கெண்டியைக் கொண்டுவந்து
பலகைக்குப் பக்கத்தில் வைத்தான்,
வேறெங்கும் இடமில்லாததால்.
கோடு ஏறியது.
கெண்டியை நகர்த்தினேன். இறங்கியது.
மறுபடி வைத்தேன்.
காபி கொதித்தால் கடல் மூச்சு விடுமா என்று
நான் கேட்கவில்லை.
அவனும் கேட்கவில்லை.
இருவரும் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதுப் பலகையின் வரைபடத்தை
அதன்பிறகுதான் விரித்தேன்.
மூலையில், எறும்பெழுத்தில், ஒரு வரி:
வெப்பமானிச் சில்லு ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்.
அது குடியேறியது நாற்பத்தெட்டில்.
எங்கள் சில்லை ஒரு மின்தடை மாற்றி
நாற்பத்தொன்பதுக்கு அனுப்பியிருந்தார்கள்.
கெர்னல் பழைய வீட்டுக் கதவைத் தட்டியது.
புதுக் குடித்தனக்காரர் திறந்தார்.
மூச்சு எவ்வளவு என்றது.
தனக்குத் தெரிந்த ஒரே எண்ணைச் சொன்னார்.
மௌனமாக இருந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

எட்டை ஒன்பதாக்கினேன்.
மரத்தைத் திரும்ப உருக்கி ஏற்றி
மின்சாரத்தை அணைத்துப் போட்டேன்.
பத்து நொடி, கறுப்புத் திரை, வெள்ளை வரிகள்.
பிறகு கடல் பேசியது:
நாலே முக்கால்.

பைனிர் அதற்குள் காற்றுக்குழாய்களைத் திறக்க ஓடியிருந்தான்.

விடியும்போது ஈரக் கையுறையோடு வந்தான்.
மூன்றாம் வளையத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு,
ஐந்தில் இன்னும் எண்ணவில்லை.
"எதை மாற்றினாய்?"
சொன்னேன்.
"ஒரே ஓர் எண்ணா?"
ஒரே ஓர் எண்.
கையுறையைக் கழற்றாமலே
திரும்பிப் போனான், ஐந்தாம் வளையத்துக்கு.

அவன் போனபின்
நாற்பத்தெட்டுக்கும் ஒரு கிளை எழுதினேன்,
அதன் சொந்தப் பெயரில், சொந்த வகையில்.
அது பொய் சொல்லவில்லை,
யாரும் அதன் பெயரைக் கேட்கவில்லை.
மேலே ஒரு குறிப்பு, கெர்னல் படிக்காதது:
வரைபடத்தின் மூலையைப் பார்.

இப்போது இரண்டு எண்கள் தெரிகின்றன.
கடல்: ஆறரை, ஏறுகிறது.
பெட்டி: இருபத்து மூன்று டிகிரி,
இருபத்திரண்டு,
கெண்டி ஆறுகிறது.